ராகி வயலிலிருந்து உதகைச் சதுப்பு வரை

வளர்ந்த ஆண் யானை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 49 முறை விளைநிலத்துக்குள் இறங்குகிறது. குட்டிகளோடு கூட்டமாகத் திரியும் பெண் யானை 8 முறைதான். 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், ஆசனூர் காடுகளிலும் அவற்றை ஒட்டிய கர்நாடகக் காடுகளிலும் எடுத்த கணக்கு இது. ஆசிய யானை பயிரை மேய்வது பற்றி எழுதுகிற எவரும் இன்றுவரை இந்த இரண்டு எண்களையும் தொடாமல் போவதில்லை.

கணக்கை எடுத்தவர் ராமன் சுகுமார். 1955இல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாட்டி அவரை 'வனவாசி' என்றுதான் கூப்பிடுவாராம். தாவரவியல் படித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியலாளர் மாதவ் காட்கிலிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த கேள்வி எளிமையானது: யானையும் உழவரும் ஏன் மோதிக்கொள்கிறார்கள்? அந்த ஒரு கேள்வி அடுத்த நாற்பது ஆண்டுகளில் எலும்பு, பருவமழை, மரக்கணக்கு, தந்தக் கள்ளச்சந்தை, மரபணு என்று எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. யானையைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புறப்பட்டவர் நீலகிரியின் இருபதாயிரம் ஆண்டு மழை வரலாற்றை எழுத நேர்ந்தது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அவருக்கு முன்னால் யானையைப் பற்றி நம்மிடம் இருந்தவை பெரும்பாலும் வேட்டைக்காரர்களும் யானை பிடிப்பவர்களும் எழுதிய அனுபவங்கள். சாமராஜநகர் பக்கம் கெட்டா போட்டு யானை பிடித்த சாண்டர்சன் 1878இல் எழுதிய புத்தகம் இன்றும் படிக்கச் சுவையானது, ஆனால் அதில் புள்ளிவிவரம் கிடையாது. இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் முறையான வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் டக்ளஸ் ஹாமில்டன் மன்யாரா ஏரிக்கரை யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார். நம் தென்னிந்தியக் காட்டில் அப்படி ஒவ்வொரு யானையாக அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பெரிய ஆய்வு சுகுமாரிலிருந்துதான் தொடங்குகிறது.

அடையாளம் காண்பது என்றால் காதின் கிழிசல், வாலின் வளைவு, வால் மயிர், தந்தத்தின் கோணம், முதுகின் மேடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு படமும் எடுத்து வைப்பது. வயது சொல்வதுதான் கடினம். யானை வளர வளர உயரம் கூடுகிறது. ஆகவே உயரம் தெரிந்தால் வயதை ஓரளவு சொல்லலாம். முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் வந்துவிடும் என்பது பாகர்கள் வெகுகாலமாக அறிந்த சங்கதி. எந்த உயரத்துக்கு எந்த வயது என்று சொல்ல, பிறந்த தேதி தெரிந்த யானைகள் வேண்டும். அவை முதுமலை போன்ற வனத்துறை முகாம்களில் இருந்தன.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, யானை உலகம் முழுக்க 'டாக்டர் கே' என்று அறிந்தவர். மரம் இழுக்கும் யானைகளுக்காக வனத்துறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பதிவேடு வைத்திருந்தது. எந்த யானை எப்போது பிடிபட்டது, எப்போது ஈன்றது, எப்போது செத்தது என்று குமாஸ்தாக்கள் எழுதி வைத்த பழுப்பேறிய பக்கங்கள். யானையின் வளர்ச்சி பற்றி 1988இலும், முகாம் யானைகளின் பிறப்பு இறப்பு பற்றி 1997இலும் வந்த கட்டுரைகளில் சுகுமாரோடு கிருஷ்ணமூர்த்தியின் பெயரும் இருக்கிறது. எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்கின் பிறப்பு இறப்புக் கணக்கை எந்த ஆய்வு மாணவராலும் தன் காலத்துக்குள் எடுக்க முடியாது. வனத்துறை தனக்கே தெரியாமல் அதை எடுத்து வைத்திருந்தது.

ஆய்வுக் களத்தின் பரப்பு 1,130 சதுர கிலோமீட்டர். தந்த வேட்டையில் வீரப்பன் பெயர் பரவத் தொடங்கிய காலமும் அதுதான், காடும் அதுதான். மேய்ச்சலைக் கவனித்ததில் யானைகள் 112 வகைத் தாவரங்களைத் தின்றன, ஆனால் உணவில் 85 சதவீதம் சுமார் 25 வகைகளிலிருந்தே வந்தது. மழைக்காலத்தில் இளம்புல். கோடையில் புல் முற்றிச் சக்கையானதும் மரப்பட்டை, தழை, மூங்கில். இந்த இடமாற்றம்தான் யானைக் கூட்டத்தின் வலசைக்கு அடிப்படை.

பயிருக்கு வருவோம். தாளவாடி, ஆசனூர் பக்கம் மானாவாரியில் ராகி விதைத்து, மழைக்காலம் முடியும் தறுவாயில் அறுப்பார்கள். ராகி கதிர் பிடிக்கும்போது காட்டில் புல்லுக்குப் பஞ்சமில்லை. பசியால் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. சுகுமார் பயிர், காட்டுப் புல் இரண்டையும் சோதித்துப் பார்த்தார். காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதம் அதிகம், கால்சியமும் சோடியமும் அதிகம். ஒரு வாய்க்கு ஒரு வாய் சத்து கூடுதல். நெருக்கமாக விளைந்து நிற்பதால் தேடியலையவும் வேண்டாம்.

அப்படியென்றால் பெண் யானைகளும் அதே அளவுக்கு வரவேண்டுமே? வளர்ந்த ஆணின் ஓராண்டு உணவில் பயிரின் பங்கு 9 சதவீதத்துக்குச் சற்று மேல். பெண்ணுக்கு 2 சதவீதம்கூட இல்லை. சத்து இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் ஒன்றல்ல. பெண் யானை நன்றாகத் தின்றாலும் சுமாராகத் தின்றாலும் வாழ்நாளில் ஈனும் குட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய ஏற்றத்தாழ்வு வராது. கருவே இருபது மாதத்துக்கு மேல் சுமக்கிறது, இரண்டு ஈற்றுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு இடைவெளி. ஆணின் கதை வேறு. உடம்பு பெருத்து, நல்ல மதம் பிடித்து, போட்டியாளர்களைத் துரத்தக்கூடிய ஓர் ஆண் பல குட்டிகளுக்குத் தகப்பனாகலாம். மற்றவை ஒன்றுக்கும் ஆகாமலே போகலாம். ஆகவே பட்டாசு, தீப்பந்தம், நாட்டுத் துப்பாக்கி, மின்கம்பி எல்லாவற்றையும் மீறி ராகிக்குள் இறங்குவது ஆணுக்குக் கட்டுப்படியாகும், குட்டியோடு வரும் தாய்க்குக் கட்டாது. சுகுமாரும் காட்கிலும் 1988இல் சேர்ந்து வெளியிட்ட சிறிய கட்டுரையின் வாதம் இதுதான். இது ஒரு கருதுகோள்தான், கல்வெட்டு இல்லை. ஆனால் பயிர் மேய்ச்சலைக் 'காட்டில் தீனி இல்லை' என்ற ஒற்றைக் காரணத்திலிருந்து எடுத்து, பரிணாமக் கணக்கில் வைத்துப் பார்த்தது இந்தத் துறையில் பெரிய திருப்பம்.

நடைமுறைக்கு இதன் பொருள் என்ன? ஓர் ஊரில் சேதம் என்றால் அந்தக் காட்டின் எல்லா யானைகளும் குற்றவாளிகள் இல்லை. பெரும்பாலும் சில ஆண்கள். வேலி எங்கே, அகழி எங்கே, எந்த யானையைப் பிடிப்பது என்று முடிவெடுப்பதற்கு முன் வருவது யார் என்று தெரியவேண்டும். இதை அதிகாரிகள் எழுத்தில் ஒப்புக்கொண்டு வெகுநாளாகிறது. ஆனாலும் சேதம் நடந்த மறுநாள் கும்கியைக் கொண்டுவந்து அகப்பட்ட யானையைத் துரத்துவது இன்றும் நடக்கிறது.

ஆண் யானை இன்னொரு கோணத்திலும் அவருடைய ஆய்வுக்குள் வந்தது. ஆசிய யானையில் ஆணுக்குத்தான் தந்தம். எனவே தந்தக் கொள்ளையன் கொம்பனை மட்டும் சுடுவான், பெண்ணையும் தந்தமில்லாத ஆணான மக்னாவையும் விட்டுவிடுவான். கேரளத்தின் பெரியாறு காட்டில் வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள விகிதம் 1969இல் ஒன்றுக்கு ஆறு. 1989இல் ஒன்றுக்கு 122. நூற்றிருபத்திரண்டு பெண்களுக்கு ஓர் ஆண்! இருபது ஆண்டில் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட கொம்பன்கள் சுடப்பட்டிருக்க வேண்டும் என்று சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1998இல் கணித மாதிரி கொண்டு மதிப்பிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மொத்த எண்ணிக்கை உடனே சரிவதில்லை என்பது. பெண்கள் நெடுங்காலம் வாழ்வதால் கூட்டம் கூட்டமாக யானை தெரியும், கணக்கெடுப்பில் குறை தெரியாது. குட்டிகள் குறைந்துகொண்டே வருவது கூர்ந்து பார்த்தால்தான் புலப்படும். தலையெண்ணிக்கையை மட்டும் வைத்து யானைகள் சௌக்கியம் என்று அறிவிக்கும் வழக்கத்துக்கு இதைவிட வலுவான மறுப்பை நான் படித்ததில்லை.

இனி எலும்புக்கு வருவோம். யானை புல்லை எவ்வளவு தின்கிறது, தழையை எவ்வளவு தின்கிறது என்று பின்னாலேயே நடந்து குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரவில் பார்க்க முடியாது, அடர்காட்டில் பார்க்க முடியாது. ஆனால் தின்றது உடம்பில் தடயம் விட்டுப் போகிறது. காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. சுமார் ஒரு சதவீதம் மட்டும் சற்றே கனமான கார்பன்-13. மரம், செடி, கொடிகள் ஒளிச்சேர்க்கை செய்யும்போது கனமான கார்பனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். இவற்றை சி-3 தாவரங்கள் என்பார்கள். வெப்பநாட்டுப் புற்கள் பலவும், ராகி, சோளம், கரும்பு போன்றவையும் வேறொரு வேதிவழியைப் பின்பற்றுகின்றன. அவ்வளவாக ஒதுக்குவதில்லை. இவை சி-4 வகை. நெல் புல்லினம்தான் என்றாலும் சி-3. ஆக, ஓர் எலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை எடுத்து, அதில் இரண்டு கார்பன்களின் விகிதத்தை அளந்தால், அந்த யானை மரத்தை நம்பி வாழ்ந்ததா, புல்லை நம்பி வாழ்ந்ததா என்று சொல்லிவிடலாம்.

காட்டில் செத்த யானைகளின் எலும்பை எடுத்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷோடு சேர்ந்து சுகுமார் அளந்தார். 1992இல் வெளிவந்த முடிவில் இரண்டு செய்திகள் இருந்தன. யானை தின்ற அளவோடு ஒப்பிட்டால் எலும்பில் தழையின் பங்கு எதிர்பார்த்ததைவிட அதிகம். வயிறு நிறையப் புல் தின்றாலும் உடம்பைக் கட்டியது தழையின் புரதம் என்பது அதற்குரிய விளக்கம். இரண்டாவது இன்னும் சுவையானது. வளர்ந்த யானைகளின் எலும்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மதிப்பைக் காட்டின. இளம் யானைகளின் எலும்புகளோ தாறுமாறாக, சில முழுக்கப் புல்லைப் போலவும் சில முழுக்கத் தழையைப் போலவும் இருந்தன. வளரும் எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், செத்துப்போன பருவத்தில் எதைத் தின்றதோ அதுவே பதிவாகி நிற்கிறது. புதைபொருள் எலும்பை வைத்துப் பழங்கால விலங்குகளும் மனிதர்களும் என்ன தின்றார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. வயதைப் பார்க்காமல் வாழ்நாள் உணவு பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யானை ஆய்வு தொல்லியலாளர்களின் மேசைக்குப் போன வழி இது.

எலும்பில் படிக்கத் தெரிந்ததை மண்ணிலும் படிக்கலாமே என்று அடுத்த கேள்வி எழுந்தது. உதகையைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கும் சதுப்புகள் உண்டு. அங்கே மடிந்த செடிகொடிகள் காற்றுப் படாமல் முழுக்க மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, கருத்த பஞ்சுபோன்ற மண்ணாகக் கிடக்கின்றன. பீட் என்பார்கள், முற்றா நிலக்கரி என்றும் சொல்வதுண்டு. ஆழம் போகப்போகக் காலம் பின்னால் போகிறது. ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கதிரியக்கக் கார்பனால் கணக்கிட்டு, அதே அடுக்கில் கார்பன்-13 எவ்வளவு என்றும் பார்த்தால், அந்தக் காலத்தில் அங்கே மரம் செழித்ததா, புல் செழித்ததா என்று தெரிந்துவிடும். இங்கே சி-4 புல் கூடினால் வறட்சி, சி-3 கூடினால் ஈரம் என்று வாசிக்கலாம். சாண்டிநல்லா சதுப்பிலிருந்து எடுத்த மண்ணை வைத்து, ரமேஷோடும் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவன ஆய்வாளரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1993இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

முடிவு இதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபகுதி பனிக்குள் உறைந்திருந்தபோது, நீலகிரி வறண்டு புல்வெளியாக இருந்தது. பனி விலக விலகப் பருவமழை வலுத்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்தைத் தொட்டது. பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து மறுபடி ஒரு வறண்ட காலம். இந்தியத் துணைக்கண்டத்தின் பருவமழை வரலாற்றுக்கு அதுவரை இருந்த சான்றுகளில் பெரும்பகுதி அரபிக்கடலின் அடிமண்ணிலிருந்து வந்தவை. நிலத்திலிருந்து, அதுவும் மலையுச்சியிலிருந்து இவ்வளவு நீண்ட சான்று கிடைத்தது புதிது. புல் பெருகியதற்கு வறட்சியோடு, பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு குறைவாக இருந்ததும் ஒரு காரணம். சி-4 புற்கள் குறைந்த கரியமில வாயுவில் சமாளிக்கும், மரங்கள் திணறும். ஆகவே சதுப்பு மண்ணை மழைமானி போல நேரே வாசிக்கக் கூடாது என்ற விவாதமும் கூடவே வளர்ந்தது. நல்ல ஆய்வுக்கு அதுவும் ஒரு அடையாளம்.

நமக்கு உள்ளூரில் இதனால் ஒரு பெரிய உபகாரம் உண்டு. நீலகிரியின் உச்சிப் புல்வெளிகள் மனிதன் சோலைக்காட்டை எரித்ததால் உண்டானவை என்று ஒரு கருத்து நெடுநாள் உலவியது. வெற்றுநிலம் தானே என்று அவற்றில் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டுத் தள்ளினார்கள். வரையாடு மேயும் இடமெல்லாம் தோட்டமானது. புல்வெளி அங்கே இருபதாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது, மழை கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும் என்று சதுப்பு மண் காட்டியபிறகு 'வெற்றுநிலம்' என்ற சொல்லுக்கு அறிவியல் ஆதரவு போய்விட்டது. யானையின் எலும்பில் தொடங்கிய வேலை வரையாட்டின் வழக்கில் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

முதுமலைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் யாரும் பார்க்காத ஓர் இடம் அங்கே இருக்கிறது. 50 ஹெக்டேர் காடு. 1988இல் சுகுமாரும் குழுவினரும் அதை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த தகடு கட்டினார்கள். ஏறத்தாழ 26,000 தண்டுகள், 71 இனங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அமெரிக்க ஆய்வாளர்கள் தொடங்கிய முறை இது. மழைக்காடுகளில் செய்துவந்ததை இலையுதிர் காட்டில் செய்வது அப்போது புதுமை. ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்ப்பார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மரத்தின் பருமனையும் மறுபடி அளப்பார்கள்.

அலுப்பான வேலைதான். ஆனால் அலுப்பில்லாமல் செய்தால்தான் சில விஷயம் தெரியும். கிடியா காலிசினா என்ற மரம், வெண்டையின் உறவு. யானைக்கு அதன் பட்டை மேல் ஆசை. தொடக்கத்தில் அந்த நிலத்தில் நிறைய இருந்த அது, யானை ஒடித்து ஒடித்து சில ஆண்டுகளுக்குள் பெருமளவு குறைந்துபோனது. தேக்கும் மத்தியும் வெக்காலியும் பெரிதாக அசையவில்லை. கோடைத்தீ அடிக்கடி வந்து இளங்கன்றுகளைத் தின்றது, பெரிய மரங்களை விட்டுவிட்டது. நடுவே உண்ணிச்செடி பரவியது. காட்டுக்கு யானை செய்வதையும் தீ செய்வதையும் பிரித்துச் சொல்ல இத்தகைய கணக்கு இல்லாமல் முடியாது.

2000இல் 'சயன்ஸ்' இதழில் வெப்பநாட்டு மரங்கள் எப்படிப் பரவி நிற்கின்றன என்று ஒரு கட்டுரை வந்தது. பனாமா, மலேசியா, இலங்கையின் சிங்கராஜா ஆகிய காடுகளோடு முதுமலையும் அதில் உண்டு. நீண்ட ஆசிரியர் பட்டியலில் சுகுமாரின் பெயர் பத்தோடு பதினொன்றாக இருக்கும். இப்போதெல்லாம் ஓர் ஆய்வாளரின் பெயரைத் தட்டினால் கணினி ஓர் எண்ணை நீட்டும். எச்-குறியீடு நாற்பது என்றால், நாற்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது நாற்பது முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். பதவி, நிதி, விருது எல்லாம் இதன்மேல் ஓடுகிறது. இந்த எண்ணில் பெரிய கூட்டு ஆய்வுகள் கனமாக நிற்கும். முகாம் பதிவேட்டைப் புரட்டி எழுதிய கட்டுரை லேசாக இருக்கும். எந்தக் கட்டுரையால் வனத்துறை வேலியின் இடம் மாறியது என்று எந்தக் குறியீடும் சொல்லாது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவருக்குப் பின் வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அதில்தான் தாக்கம் தெரிகிறது.

அவரிடம் ஆய்வு செய்த டி.என்.சி. வித்யா யானை லத்தியிலிருந்து மரபணுவை எடுத்தார். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கமுள்ள யானைகளும் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபட்டவை என்று 2005இல் வந்த கட்டுரை காட்டியது. நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு மலையிடைவெளிதான். சஞ்சிதா சர்மா போக்ரேல் லத்தியில் மன அழுத்த ஹார்மோனின் எச்சத்தை அளந்தார். கோடையில் எலும்பு தெரிய மெலிந்த யானைகளுக்கு அழுத்தம் கூடியிருந்தது. எதிர்பார்க்காதது 2019இல் வந்தது. ஊருக்கு நடுவே பயிரைத் தின்று வாழும் கர்நாடக யானைகளுக்குக் காட்டுக்குள் இருக்கும் யானைகளைவிட அழுத்தம் குறைவு! பட்டாசும் கூச்சலும் ஒரு பக்கம், நல்ல சாப்பாடு மறுபக்கம். சாப்பாடு ஜெயிக்கிறது.

அதே ஆண்டு நிஷாந்த் ஸ்ரீனிவாசையாவும் சுகுமார் உள்ளிட்டோரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வழக்கமாக ஆண் யானை பருவம் வந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியே திரியும். கர்நாடகத்திலும் ஓசூர்ப் பக்கத்திலும் விளைநிலங்களை ஒட்டி வாழும் இளம் ஆண்கள் ஆண்களாகவே கூட்டம் சேர்ந்து, வருடக்கணக்கில் பிரியாமல் திரிகின்றன. ஆபத்து மிகுந்த இடத்தில் சேர்ந்து போனால் பாதுகாப்பு, மூத்த ஆணிடமிருந்து பழக்கம். 1980களில் தனியாக வந்து ராகி தின்ற ஆணின் பேரன்கள் இப்போது ஜமாவாக வருகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். சுகுமாரின் பழைய கருதுகோளை இது தள்ளிவிடவில்லை, திருத்தி எழுதுகிறது. ஆபத்து கூடினால் ஆபத்தைக் குறைக்கும் வழியையும் யானை கண்டுபிடிக்கும் என்று அதில் ஒரு வரி சேர்கிறது.

புத்தகங்களையும் சொல்லிவிடுகிறேன், மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளவை. ஆய்வேட்டிலிருந்து உருவான 'ஆசிய யானை: சூழலியலும் மேலாண்மையும்' 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. 2003இல் வந்த 'வாழும் யானைகள்' ஆசிய, ஆப்பிரிக்க யானைகள் இரண்டையும் சேர்த்துப் பேசும் பெருநூல். களத்தில் பட்டதைக் கதையாகச் சொல்லும் 'யானைப் பகல்களும் இரவுகளும்' 1994இல் வந்தது, மூன்றில் பொதுவாசகர் முதலில் எடுக்கவேண்டியது அதுதான். 2006இல் ஜப்பானின் காஸ்மாஸ் பரிசு கிடைத்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் ஆசிய யானை வல்லுநர் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

கொள்கையில் அவருடைய பங்கு கலவையானது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் இந்தியாவின் முதல் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது அதன் அறிவியல் திட்டத்தைக் காட்கிலோடு சேர்ந்து வகுத்தவர் அவர். 1992இல் வந்த மத்திய அரசின் யானைத் திட்டத்திலும் அவர் கருத்துகள் உண்டு. ஆனால் திட்டம் என்பது ஒன்று, காட்டை ஒட்டி எழுந்த விடுதிகளும் தோட்டங்களும் இன்னொன்று. இந்தியாவில் யானையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேர் சாகிறார்கள். மின்சாரம், ரயில், விஷம், துப்பாக்கியால் சாகும் யானைகள் தனி. பிரச்சினை என்னவென்று நாற்பது ஆண்டுக்கு முன்பே சொல்லியாயிற்று என்பதால் அது தீர்ந்துவிடவில்லை.

2012இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் பணிப்பில் அமைந்த யானைப் பணிக்குழுவுக்குச் சுகுமார் தலைவர். அந்தக் குழுவின் அறிக்கை மாநிலத்தை மூன்றாகப் பிரித்தது. யானைக்கே முன்னுரிமை தரவேண்டிய பகுதி, யானையும் மனிதரும் சேர்ந்து வாழ வழி செய்யவேண்டிய பகுதி, யானைகளை முழுக்க அகற்றவேண்டிய பகுதி. காட்டுயிர் ஆர்வலர்களுக்கு மூன்றாவது பிடிக்கவில்லை, தோட்டக்காரர்களுக்கு முதலாவது பிடிக்கவில்லை. எல்லா யானையையும் எல்லா இடத்திலும் காப்பாற்ற முடியாது என்று யானைக்காக வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் எழுத்தில் கொடுப்பது எளிதில்லை. நிலத்தை உண்மையாகப் பார்க்கிறவர் வேறென்ன எழுத முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓசூர், தாளவாடி, கூடலூர் பக்கம் யானைப் பிரச்சினை பேச உட்காருகிற விவசாய சங்கத்தாரும் வனத்துறையினரும் பத்திரிகைக்காரர்களும் கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒருமுறை அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டுப் போகவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் எழுதியதுதான், யானைக்கு அந்த எல்லை கிடையாது.